நடுவில் ஒரு ஸ்பேஸ்

'மௌஸ் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. இன்னும் கறுப்புத் திரையில் உட்கார்ந்து யாராவது டைப் அடிப்பாங்களா ஸார்?' என்று கேட்டார் நண்பர். ரிட்டயராகி, பையன் கழித்துக் கட்டிய லாப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொண்டவர். போட்டது பக்கத்து வீட்டுப் பொறியியல் மாணவன். அவன் போகிற போக்கில் டெர்மினல் என்று ஒரு கறுப்புச் சதுரத்தைத் திறந்து நாலு வரி தட்டிவிட்டுப் போயிருக்கிறான். இவருக்குத் தூக்கம் போய்விட்டது.

அவருக்கு அப்போது ஒரு தொல்லை இருந்தது. ஊர் நிலத்தின் பட்டா எண்ணை எதிலோ குறித்து வைத்திருந்தார். எந்த ஃபைலில் என்று தெரியவில்லை. எந்தெந்தப் பெயரிலோ இருநூறு குறிப்புகள். ஒவ்வொன்றாக கிளிக் பண்ணித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கறுப்புச் சதுரத்தில் கிரெப் என்று எழுதி, -ஆர்எல் என்று ஒட்டி, பட்டா என்ற சொல்லைத் தமிழிலேயே அடித்து, கடைசியில் ஒரு புள்ளி வைத்து என்டர் தட்டினேன். புள்ளி என்றால் 'இந்த இடத்திலிருந்து'. ஒரு நொடிகூட ஆகவில்லை. மூன்று ஃபைல்களின் பெயர் வந்தது. இரண்டாவதில் இருந்தது பட்டா எண்.

'அடப்பாவி' என்றார். என்னையா, கம்ப்யூட்டரையா தெரியவில்லை.

(இங்கே ஆணைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துக்கள். பெரிய எழுத்தில் அடித்தால் யூனிக்ஸ் உங்களைத் தெரியாது என்று சொல்லிவிடும். இன்னொன்று, கிரெப் வெறும் எழுத்தாக இருக்கும் ஃபைலில்தான் இப்படித் தேடும். வேர்டு டாகுமெண்ட் உள்ளே ஜிப் பண்ணப்பட்ட மூட்டை. அதில் கிரெப்புக்குக் கண் தெரியாது.)

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு இருந்தால் அதன் அடியில் லினக்ஸ் ஓடுகிறது. மேக் வைத்திருந்தால் அது யூனிக்ஸ் வம்சம். விண்டோஸே 2016-ல் தன் வீட்டுக்குள் லினக்ஸுக்கு ஓர் அறை ஒதுக்கிவிட்டது. ஆகவே சில சின்ன விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

முதல் விஷயம், டைப் அடிக்காமல் இருப்பது எப்படி என்பதுதான். டாப் கீ என்று இடது பக்கம் ஓரமாக ஒன்று இருக்கிறதே, அது ஃபைல் பெயரின் முதல் சில எழுத்தை அடித்ததும் மிச்சத்தை அதுவே முடித்துக் கொடுக்கும். கொடுக்கவில்லை என்றால் அப்படி ஒரு ஃபைல் அங்கே இல்லை, அல்லது அதே ஆரம்பத்தில் இரண்டு இருக்கிறது. அதுவும் ஒரு தகவல். மேல் அம்பை அழுத்தினால் கடைசியாக அடித்த வரி திரும்ப வரும். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஆர் அழுத்தி, எப்போதோ அடித்த ஆணையின் ஏதாவது ஒரு துண்டை எழுதினால், பழைய வரி மொத்தமாக எழுந்து வரும். 'சிடி' போட்டு ஓர் இடத்துக்குப் போய்விட்டுப் பழைய இடத்துக்குத் திரும்ப வழி தெரியவில்லையா? சிடி, ஸ்பேஸ், ஒரு மைனஸ். வந்த வழியே திரும்பிவிடுவீர்கள். இதை நான் கற்றுக்கொள்ளப் பதினோரு வருஷமாயிற்று. யாரும் சொல்லவில்லை.

அப்புறம் 'மேன்'. ஆள் அல்ல, மேனுவல். எந்த ஆணைக்கு முன்னால் மேன் போட்டாலும் அதன் கையேடு திறக்கும். உள்ளே போனவர்கள் வெளியே வரத் தெரியாமல் தவிப்பது வழக்கம். கியூ அழுத்துங்கள்.

ஏன் எல்லாமே இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்கள்? 1969-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை ஆரம்பித்த காலத்தில், இந்த மாதிரி திரை கிடையாது. டெலிடைப் என்று ஒரு கனமான தட்டச்சு யந்திரம். நொடிக்குப் பத்து எழுத்து அச்சடிக்கும். விரல் வலிக்க அழுத்த வேண்டும். அந்த யந்திரத்தின் எதிரில் உட்கார்ந்தவன் 'காப்பி' என்று முழுசாக எழுத மாட்டான், 'சிபி' என்பான். 'ரிமூவ்' என்பதை 'ஆர்எம்' என்பான். பேச்சைக் குறைத்தது போலவே பதிலையும் குறைத்தார்கள். வேலை ஒழுங்காக முடிந்தால் யூனிக்ஸ் ஒன்றும் சொல்லாது. நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி, தப்பு நடந்தால்தான் பேச்சு.

அந்த மௌனத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டக் மெக்கில்ராய் என்பவர் 1964-லேயே ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துக் குழாயை இன்னொரு துண்டோடு திருகி இணைப்பது போல ஒரு புரோகிராமை இன்னொன்றோடு இணைக்க முடியவேண்டும் என்று. வருஷக்கணக்காக நச்சரித்து, 1973-ல் தாம்ஸன் ஒரே ராத்திரியில் அதை யூனிக்ஸுக்குள் எழுதிவிட்டார். செங்குத்தாக ஒரு கோடு, | இப்படி. பெயர் பைப். இடது பக்க ஆணை கக்குவதை வலது பக்க ஆணை விழுங்கும். நடுவில் 'உங்கள் வேலை வெற்றிகரமாக முடிந்தது, நன்றி' என்று ஒருவன் உளறினால் அந்த உளறலையும் அடுத்தவன் விழுங்க வேண்டியிருக்குமல்லவா? அதனால் சும்மா இருந்தார்கள்.

கிரெப்பும் தாம்ஸன் கைவேலைதான். லீ மக்மேஹன் என்ற சக ஊழியருக்கு ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் ஓர் ஆராய்ச்சி. அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு ஆதரவாக 1787-88-ல் ஹாமில்டன், மாடிஸன், ஜே மூவரும் ஒரே புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகள். எதை யார் எழுதினார் என்று சொற்களை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைய எடிட்டரில் அவ்வளவு பெரிய எழுத்துக்கோவை கொள்ளவில்லை. எடிட்டரிலிருந்து தேடும் பகுதியை மட்டும் தாம்ஸன் தனியாகப் பிரித்துக் கொடுத்தார். ஒரு ஃபைலின் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, நாம் சொன்ன சொல் இருந்தால் அந்த வரியைக் காட்டு, இல்லாவிட்டால் தள்ளு. அவ்வளவுதான் கிரெப். எங்கெங்கோ தள்ளித் தள்ளி இருக்கும் வரிகளைப் பொறுக்கி ஒன்றன் கீழ் ஒன்றாக வைக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி என் கதை.

என் அம்மா 2000-ல் காலமானாள். பெட்டியைத் திறந்தபோது பதினைந்து கணக்கு நோட்டுகள் கிடைத்தன. 1968-லிருந்து 1982 வரை வருஷத்துக்கு ஒன்று. ஜனவரி முதல் தேதி ஆரம்பித்து டிசம்பர் 31 வரை. மாயவரத்தில் அப்பாவின் கிளார்க் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட்ட கணக்கு. தேதி, பொருள், தொகை. வேறு ஒரு சொல் கிடையாது. ஆஹா ஓஹோ கிடையாது, அலுப்பு கிடையாது. அம்மாவும் ஒரு விதத்தில் யூனிக்ஸ்தான்.

அக்காவும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நோட்டைப் படிப்பாள், நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். ஒரு செலவுக்கு ஒரு வரி. நடுவில் ஒரு ஸ்பேஸ். '3-2-68 பால் 0.60'. இப்படி. ஃபைலுக்குப் பெயர் வருஷம்தான், 1968, 1969 என்று. 2001-ல் ஆரம்பித்தோம். 2002 முடிவில் ஒன்பது நோட்டு ஆகியிருந்தது. தம்பி வெளிநாட்டிலிருந்து கேட்டானே என்று அதுவரை அடித்ததை ஒரு குறுந்தகட்டில் எரித்து அவனுக்கு அனுப்பினேன். 2004-ல் பதினைந்தும் முடிந்தது. அக்கா அன்றைக்கு பாயசம் வைத்தாள்.

அந்தக் காலத்து எடிட்டர்களுக்கு ஒரு பழக்கம். நீங்கள் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் முந்தைய பிரதியை, பெயருக்குப் பின்னால் ~ என்று ஒரு நெளியல் போட்டுப் பக்கத்திலேயே வைக்கும். 1968 என்றால் 1968~ என்று ஒரு நிழல். பதினைந்து நோட்டுக்குப் பதினைந்து நிழல். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஓர் ஆகஸ்ட் ராத்திரி, எல்லாவற்றையும் சுத்தமாக்கித் தம்பிக்கு முழுசாக அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன்.

நெளியலில் முடிகிற எல்லாவற்றையும் அழி என்பதற்கு ஆர்எம் போட்டு, ஒரு ஸ்பேஸ் விட்டு, *~ என்று அடிக்க வேண்டும். நட்சத்திரம் என்றால் எது வேண்டுமானாலும். அதையடுத்து நெளியல். நான் அடித்தது * ~.

வித்தியாசம் தெரிகிறதா? மறுபடி பாருங்கள். நடுவில் ஒரு ஸ்பேஸ்.

இதில் என்ன நடக்கிறது என்று சொல்லியாக வேண்டும். நட்சத்திரத்தை விரித்துப் பார்ப்பது ஆர்எம் அல்ல. அதற்கு முன்னால் ஷெல் என்று ஒரு இடைத்தரகர் இருக்கிறார். நீங்கள் நட்சத்திரம் போட்டால் அவர் அங்கே இருக்கிற ஃபைல் பெயர்களை எல்லாம் வரிசையாக எழுதி ஆர்எம் கையில் கொடுப்பார். ஆர்எம்முக்கு நட்சத்திரமும் தெரியாது, நீங்கள் அவசரத்தில் இருந்ததும் தெரியாது. முப்பது பெயரை நீங்களே ஒவ்வொன்றாக அடித்தீர்கள் என்று நினைத்துக்கொள்ளும். இடைவெளி விட்டதால் என் ஆணை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, இங்கே இருக்கும் எல்லாவற்றையும் அழி. இரண்டு, தனி நெளியலை அழி. தனி நெளியல் என்றால் யூனிக்ஸில் என் சொந்த வீடு, ஹோம் டைரக்டரி. (ஏடிஎம்-3ஏ என்று 1970-களில் ஒரு டெர்மினல் இருந்தது. அதில் நெளியலும் 'ஹோம்' என்பதும் ஒரே கீயில் இருந்தன. அந்தப் பொருத்தம் ஒட்டிக்கொண்டது.)

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. 'அதை அழிக்க முடியாது, அது ஒரு டைரக்டரி' என்று. நெளியலுக்குச் சொன்ன பதில். என்ன டைரக்டரி, நான் ஏன் டைரக்டரியை அழிக்கப் போகிறேன் என்று குழம்பிப்போய் எல்எஸ் போட்டுப் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை. பதினைந்து நோட்டும் போயிற்று, பதினைந்து நிழலும் போயிற்று. ஆர்எம்முக்குக் குப்பைத்தொட்டி கிடையாது.

அப்போது நான் செய்ததைத்தான் நீங்கள் செய்யக்கூடாது. மீட்டுத் தருகிறேன் என்று சொன்ன ஒரு புரோகிராமை அவசரமாக டவுன்லோடு பண்ணி, அதே டிஸ்க்கில் நிறுவினேன். அழித்த ஃபைலின் எழுத்துக்கள் உடனே மறைவதில்லை. அவை இருந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. அதன்மேல் வேறு ஏதாவது எழுதும்வரை உள்ளே கிடக்கும். அப்படியே மெஷினை நிறுத்திவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, அந்த மொத்த டிஸ்க்கையும் கிரெப் போட்டிருந்தால்கூட வெறும் எழுத்தாக இருந்த என் அம்மாவின் வரிகள் கொஞ்சமாவது கிடைத்திருக்கும். நான் அதன்மேலேயே வீடு கட்டினேன். அன்றைய லினக்ஸின் இஎக்ஸ்டி3 ஃபைல் அமைப்பு, அழிக்கும்போது எந்தெந்தக் கட்டத்தில் ஃபைல் இருந்தது என்ற குறிப்பையும் பூஜ்யமாக்கிவிடும். புரோகிராம் ஒன்றும் எடுத்துத் தரவில்லை.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது என்று பிற்பாடு படித்தேன். 1998-ல் பிக்ஸாரில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ ஆர்எம்மைத் தவறான இடத்தில் ஓட்டிவிட, பாத்திரங்கள் கண்ணெதிரில் ஒவ்வொன்றாக மறைந்தன. பேக்கப்பைத் தேடினால் அது சில காலமாகச் சரியாக வேலை செய்யவே இல்லை. காலின் ஸஸ்மன் என்ற அம்மணிக்கு அப்போது கைக்குழந்தை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காகப் படத்தின் ஒரு பிரதியை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்த மெஷினைக் காரில் பத்திரமாக எடுத்து வந்து படத்தை மீட்டார்கள். படம் 1999-ல் வெளியாயிற்று.

என் விஷயத்தில் ஸஸ்மன் வேலையைப் பார்த்தது தம்பிக்கு அனுப்பிய குறுந்தகடு. ஆனால் அதில் ஒன்பது நோட்டுதான். 1968 முதல் 1976 வரை. மிச்சம் ஆறு இல்லை.

அன்றிலிருந்து ஆர்எம்மை நேராகக் கூப்பிடுவதில்லை. முதலில் எல்எஸ். எதை அழிக்க வேண்டுமோ அதே நட்சத்திரம், அதே நெளியலோடு எல்எஸ் போட்டால் எதெல்லாம் மாட்டப் போகிறது என்று பட்டியல் வரும். அதைப் படித்துவிட்டு, மேல் அம்பை அழுத்தி, எல்எஸ் என்பதை மட்டும் ஆர்எம் என்று மாற்றுவேன். மறுபடி அடிக்க மாட்டேன். அடித்தால்தானே விரல் தவறும்? இன்னும் சந்தேகமாக இருந்தால் -ஐ சேர்த்துக்கொள்ளலாம், ஒவ்வொரு ஃபைலுக்கும் அனுமதி கேட்கும். முப்பது தடவை கேட்டால் எரிச்சலில் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போட்டுவிடுவோம் என்பதும் உண்மை. அதற்குப் பதில், லினக்ஸில் அதே ஐ-யைப் பெரிய எழுத்தில் போட்டால் மூன்றுக்கு மேல் ஃபைல் இருக்கும்போது ஒரே ஒரு தடவை கேட்கும். எனக்கு அது பிடிக்கிறது. முக்கியமான இடமாக இருந்தால் அழிப்பதே இல்லை. 'குப்பை' என்று ஒரு டைரக்டரி செய்து அதற்குள் எம்வி போட்டுத் தள்ளிவிடுகிறேன்.

'நோட்டுதான் இருக்கேடா, மறுபடி படிக்கிறேன், அடி' என்றாள் அக்கா. நோட்டுகள் அவள் வீட்டில் இருந்தன. அடுத்த ஞாயிறு என்றேன். அப்புறம் பொங்கலுக்கு அப்புறம் என்றேன். பெண்ணின் பரீட்சை, என் ஆபரேஷன், வீடு மாற்றல். பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று. 2015 டிசம்பரில் சென்னையில் பெய்த மழையில் முடிச்சூரில் அக்கா வீட்டுக் கீழ்த்தளத்தில் ஆளுயரத் தண்ணீர். நோட்டுகள் கட்டிலுக்கு அடியில் ட்ரங்குப் பெட்டியில் இருந்தன. மசி நோட்டு. ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது கூழாக இருந்தது என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மிஞ்சிய ஒன்பது ஃபைலைக் கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் காப்பி பண்ணிக்கொண்டு வந்தேன். திறந்து பார்க்கவில்லை. போன வருஷம் என் பெண் கேட்டாள். 'பாட்டி கணக்கு வச்சிருக்கீங்கன்னு பெரியத்தை சொன்னாங்களே, காட்டுங்கப்பா.' திறந்தேன். தொப்பி போட்டதும் மேலே புள்ளி வைத்ததுமாக ஐரோப்பிய எழுத்துக்கள். ஒரு சொல் தமிழ் இல்லை.

2001-ல் நான் அடித்தது டிஎஸ்சிஐஐ என்ற குறியீட்டு முறையில். யூனிகோடு பரவலாவதற்கு முன்னால் தமிழைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஆளுக்கொரு முறை வைத்திருந்தோம். அவற்றில் உலகத் தமிழர்கள் பலர் கூடிப் பேசி உண்டாக்கியது இது. அதில் 'கெ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு க. கண்ணால் பார்க்கிற வரிசை. யூனிகோடில் முதலில் க, பிறகுதான் கொம்பு. ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, கொம்புகளை எல்லாம் இடம் மாற்ற வேண்டும். இதற்கு யாரையாவது பிடித்து ஒரு புரோகிராம் எழுதச் சொல்ல வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

லினக்ஸில் ஐகான்வ் என்று ஓர் ஆணை ரொம்ப நாளாக இருக்கிறது. -எஃப் போட்டு எதிலிருந்து, -டி போட்டு எதற்கு என்று சொன்னால் போதும். அது தெரிந்து வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவில் டிஎஸ்சிஐஐ சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது! யாரோ ஒரு புண்ணியவான் நம் கொம்புகளையும் கால்களையும் படித்துப் புரிந்துகொண்டு அதை உள்ளே எழுதி வைத்திருக்கிறார். ஐகான்வ், டிஎஸ்சிஐஐ-யிலிருந்து யூடிஎஃப்-8-க்கு, ஃபைல் 1968, அப்புறம் > போட்டு, விடையை எழுத வேண்டிய ஃபைலின் பெயராக மறுபடி 1968 என்று அடித்தேன். என்டர் தட்டப் போன கையைப் பெண் பிடித்துவிட்டாள்.

'அப்பா! அதே பேர்ல போட்டா ஃபைல் காலியாயிடும்.'

அவள் சொன்னது சரி. > என்ற அம்புக்குறியைப் பார்த்தவுடன் ஷெல் செய்யும் முதல் வேலை, அந்தப் பெயரில் இருக்கிற ஃபைலைத் துடைத்து வைப்பது. ஆணை ஓட ஆரம்பிப்பதற்கே முன்னால். ஐகான்வ் படிக்க வரும்போது 1968-ல் ஒன்றும் இருந்திருக்காது. அறுபதைத் தாண்டியும் எனக்கு ஒரு பெண் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வேறு பெயர் கொடுத்தேன். அதற்கு முன்னால் அவள் ஒன்பதையும் மூன்று இடத்தில் காப்பி எடுத்துக்கொண்டாள்.

வந்தது. '1-1-68 பால் 0.60'. அம்மா கையெழுத்து இல்லைதான். ஆனால் அந்த வரி.

பெண் ஒரு வேடிக்கை செய்தாள். ஒவ்வொரு வரியிலும் இரண்டாவது சொல்லை மட்டும் கட் என்ற ஆணையால் வெட்டி எடுத்து, பைப்பில் ஸார்ட்டுக்கு அனுப்பி, அதை யுனிக் -சி-க்கு அனுப்பி எண்ணச் சொல்லி, மறுபடி ஸார்ட். ஒரே வரி. எந்தச் சொல் எத்தனை தடவை என்று பட்டியல் வந்துவிடும். 1986-ல் டொனால்ட் நூத் இதே மாதிரி சொற்களை எண்ணும் வேலைக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் அழகான புரோகிராம் எழுதினார். அதை விமர்சித்த மெக்கில்ராய், தோட்டக்குழாய்க்காரர், ஆறு வரி பைப்பில் முடித்துக் காட்டினார். அதற்குத் தம்பி முறை இது.

பால்தான் முதல். அப்புறம் கறிகாய், காபிப்பொடி, மண்ணெண்ணெய், வெற்றிலை. அடியில் ஒரே தடவை வந்தவை இருந்தன. சர்க்கஸ் 1. மூக்குக்கண்ணாடி 1. தந்தி 2. அதெல்லாம் தனிக்கதை. நடுவில் ஓர் எண்ணைப் பார்த்துப் பெண் நிறுத்தினாள்.

'பாட்டி பதினேழு வளையல் வாங்கினாங்களாப்பா?'

என் அம்மா வளையல் வாங்கி நான் பார்த்ததில்லை. அவளிடம் இருந்தது இரண்டே இரண்டு தங்க வளையல். அதுவும் மழைக்காலத்தில் போட மாட்டாள். கையில் ஈரம் தங்கும், அரிக்கும் என்பாள். பொங்கலுக்குப் போடுவாள். வெயிலெல்லாம் கையில் இருக்கும்.

கிரெப், வளையல். என்டர்.

'14-6-68 வளையல் வைத்தது 150'. அதன் கீழே '11-1-69 வளையல் மீட்டது 162.25'. அதன் கீழே '16-6-69 வளையல் வைத்தது 150'. 1970 ஜனவரியில் மீட்டது. ஜூனில் வைத்தது. ஜனவரியில் மீட்டது. ஜூன், ஜனவரி, ஜூன், ஜனவரி.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். எங்கள் மூவருக்கும் நோட்டு, புத்தகம், யூனிஃபார்ம். அக்காவுக்கு டைப்ரைட்டிங் கிளாஸ். டிசம்பரில் அம்மாவுக்குச் சீட்டுப் பணம் வரும். நடுவில் ஏழு மாசம் வளையல் கடைத்தெருவில் இருந்திருக்கிறது. மழைக்கும் ஈரத்துக்கும் அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இந்த வரிகளை அக்கா சத்தமாகப் படித்திருக்கிறாள். நான் இந்தக் கையால் அடித்திருக்கிறேன். ஒரு ஜூனுக்கும் ஜனவரிக்கும் நடுவில் இருநூறு பால், நூறு கறிகாய், எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. வைத்ததை மீட்டதோடு சேர்த்துப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கிரெப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் கண்ணில் பட்டது.

பெண் இன்னும் இரண்டு வரி தட்டினாள். வளையல் வரிகளில் 'வைத்தது' எத்தனை, 'மீட்டது' எத்தனை என்று டபிள்யூசி -எல் போட்டு எண்ணினாள். திரையில் எப்போதும் போல ஒரு விளக்கமும் இல்லாமல் எண் மட்டும் வந்தது.

9.

8.

கடைசி வரி '18-6-76 வளையல் வைத்தது 300'. அதை மீட்டிருந்தால் 1977 ஜனவரியில் மீட்டிருக்க வேண்டும். அது 1977 என்ற ஃபைலில் இருந்தது.

அக்காவுக்கு போன் பண்ணினேன். 77-ம் வருஷ நோட்டில் வளையல் மீட்டது என்று படித்த ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

'நான் படிச்சேன், நீ அடிச்சே. எந்த வரியை ஞாபகம் வெச்சுக்கிறது? படிச்சிக்கிட்டே போனேன்' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, 'என் கல்யாணத்துல அம்மா கையில வளையல் இருந்துதேடா' என்றாள். அக்கா கல்யாணம் 1979-ல். ஆல்பம் மாடியில் இருந்ததால் தப்பித்திருக்கிறது. பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

ராத்திரி கூப்பிட்டாள்.

'ரெண்டு கையிலயும் இருக்கு. ஆனா கறுப்பு வெள்ளை போட்டோடா. தங்கமா கவரிங்கான்னு எப்படித் தெரியும்?'